உடலைத் தானமாகக் கொடுத்துவிட்டோம், அவர் உயிர்த்தெழுவாரா?

54 வயதான சகோதரி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய கணவர் கணையப் புற்றுநோயால் 11 மாதங்களுக்கு முன் காலமானார். கணவர் முன்பே கையெழுத்திட்டு வைத்திருந்தபடி, அவர் உடல் ஒரு மருத்துவக் கல்லூரிக்குத் தானமாகப் போனது. கல்லறை என்று ஒன்று இல்லை. “கூறுபோடக் கொடுத்துவிட்டாயே, கடைசி நாளில் ஆண்டவர் எதை எழுப்புவார்?” என்று கணவரின் அண்ணன் துக்க வீட்டிலேயே கேட்டுவிட்டார். சகோதரி அழுதபோது, உயிர்த்தெழுதலின் நம்பிக்கை உள்ளவர்கள் அழக்கூடாது என்று சபையார் தடுத்தார்கள். உபவாச ஜெபம் நடத்திய ஒருவர், வீட்டில் யாருக்கோ விசுவாசம் குறைந்ததால்தான் சுகம் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். இயற்பியல் படிக்கும் மகன், உயிர்த்தெழுதலைப் பற்றி நான்கு சுவிசேஷங்களும் எங்கெங்கே வேறுபடுகின்றன என்று ஒரு நோட்டில் எழுதி அம்மாவிடம் காட்டியிருக்கிறார்.

இப்போது ஞாயிறு ஆராதனையில் விசுவாசப்பிரமாணத்தில் “சரீரம் உயிர்த்தெழுதலும்” என்ற இடம் வந்ததும் இவருக்கு வாய் மூடிக்கொள்கிறது. இந்த நிலையில் திருவிருந்து எடுக்கலாமா என்று கேட்கிறார். “ஆத்துமா பரலோகத்தில் இருந்தால் போதாதா, உடல் எதற்கு?” என்றும் கேட்கிறார். கடிதத்தின் கடைசியில் தனியாக இரண்டு வரி இருக்கிறது. கணவரின் உயிர் பிரிந்த நேரத்தில் இவர் மருந்து வாங்கப் போயிருந்தார். கிளம்பும்போது கடைசியாகச் சொன்னது, எரிச்சலில் வந்த ஒரு வார்த்தை.

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கேள்விகளில் எதுவும் விசுவாசத்துக்கு விரோதமானது அல்ல. இவற்றில் பெரும்பாலானவற்றை முதல் நூற்றாண்டிலேயே, அதுவும் சபைக்குள் இருந்தவர்களே கேட்டிருக்கிறார்கள். கடைசி இரண்டு வரிகளுக்கு முடிவில் வருகிறேன். முதலில் உங்கள் கணவரின் உடல்.

உடல் எதற்கு?

ஆத்துமா பரலோகம் சேர்ந்தால் போதும் என்பது நம் சபைகளில் அதிகம் புழங்கும் எண்ணம். துக்க வீட்டுப் பிரசங்கங்களும் அப்படித்தான் பேசுகின்றன. ஆனால் அது பாதிதான். மரித்த விசுவாசி கிறிஸ்துவோடு இருக்கிறார் என்பதைப் பவுல் பிலிப்பியருக்கு எழுதும்போது தெளிவாகவே சொல்கிறார். அதை நீங்கள் பற்றிக்கொள்ளலாம். ஆனால் அவர் அங்கே நிறுத்திக்கொள்ளவில்லை. உடலைச் சிறை என்றும், ஆத்துமா அதிலிருந்து தப்பிப்பதே மீட்பு என்றும் எண்ணிய கிரேக்கச் சிந்தனை அவரைச் சுற்றிலும் இருந்தது. ஏதென்ஸில் மரித்தோரின் உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசியதும் சிலர் சிரித்தே விட்டார்கள். கொரிந்து சபையிலேயே சிலர் மரித்தோரின் உயிர்த்தெழுதல் இல்லை என்றார்கள். அவர்களுக்குப் பதிலாகத்தான் 1 கொரிந்தியர் 15-ஆம் அதிகாரம் எழுதப்பட்டது. “கிறிஸ்து எழுந்திராவிட்டால், எங்கள் பிரசங்கமும் விருதா, உங்கள் விசுவாசமும் விருதா” என்று பவுல் அத்தனை கடுமையாக எழுதியது இந்த இடத்தில்தான்.

அவர் கிறிஸ்துவை “முதற்பலன்” என்கிறார். அறுவடையில் முதலில் கொண்டுவரப்படும் கதிர்க்கட்டு அது. வயலில் மீதி இருப்பதும் அதே பயிர்தான். அதாவது, ஈஸ்டர் இயேசு ஒருவருக்கு மட்டும் நடந்த அதிசயம் அல்ல. உங்கள் கணவருக்கு என்ன நடக்கப்போகிறது என்பதற்கு முன்னதாகவே வந்துவிட்ட முன்மாதிரி அது. லாசருவோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. லாசரு பழைய வாழ்வுக்கே திரும்பி வந்தார், பிறகு மரித்தார். கிறிஸ்து திரும்பி வரவில்லை; மரணத்தைக் கடந்து மறுபுறம் போனார்.

இனி உங்கள் கணவரின் அண்ணன் கேட்டது. சிதைந்த உடலை ஆண்டவர் எழுப்ப முடியாது என்றால், நூறு வருடத்துக்கு முன் மண்ணில் அடக்கம்பண்ணப்பட்டவர்களின் கதி என்ன? கடலில் மூழ்கியவர்கள், தீயில் மாண்டவர்கள்? கி.பி. 177-ல் இன்றைய பிரான்ஸில் உள்ள லியோன் நகரில் கிறிஸ்தவர்களைக் கொன்றவர்கள், அவர்களுடைய உடல்களை எரித்துச் சாம்பலை ரோன் ஆற்றில் தள்ளினார்கள். இவர்களுக்கு உயிர்த்தெழுதல் என்ற நம்பிக்கையே இல்லாமல் போகட்டும் என்பதுதான் அதன் நோக்கம் என்று, அங்கிருந்த விசுவாசிகள் எழுதிய கடிதத்தைச் சரித்திர ஆசிரியர் யூசேபியஸ் பாதுகாத்து வைத்திருக்கிறார். திருச்சபை அந்தச் சாம்பலைப் பார்த்து நம்பிக்கையை விட்டுவிடவில்லை. அவர்களை இரத்தசாட்சிகள் என்று இன்றும் நினைவுகூருகிறது. உங்கள் கணவருடைய அண்ணனின் கேள்வியை, தெரிந்தோ தெரியாமலோ, அன்று கேட்டவர்கள் துன்புறுத்தியவர்கள்தான்.

பவுல் சொல்லும் உவமையும் இதையே காட்டுகிறது. நாம் விதைப்பது “வெறும் விதை”. முளைப்பது வேறு மேனி. விதையின் துகள்களைப் பொறுக்கிச் சேர்த்துச் செடி செய்வதில்லை. ஆனால் நெல் விதைத்தால் நெல்தான் முளைக்கும். அந்தத் தொடர்பு அறுவதில்லை. உயிரோடு இருக்கும்போதே நம் உடலின் பொருள் மாறிக்கொண்டுதான் இருக்கிறது. இரத்தச் சிவப்பணு ஒன்று சுமார் 120 நாள்தான் வாழ்கிறது. உங்கள் திருமண நாளில் அவர் உடலில் ஓடிய இரத்தம் அவருடைய கடைசி வருடத்தில் ஓடியது அல்ல. ஆனாலும் அவர் அவர்தான். அவரை அவராக வைத்திருப்பது அணுக்களின் கணக்கு அல்ல, அவரைப் படைத்தவரின் நினைவு.

உயிர்த்தெழுந்த கிறிஸ்துவின் உடலில் காயங்கள் இருந்தன என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். தோமாவிடம் கையை நீட்டிப் பார்க்கச் சொன்னார். மகிமையடைந்த உடலில் ஆணித் தழும்பு எதற்கு? அது அன்பினால் உண்டான காயம், அதனால் அழிக்கப்படவில்லை. மாணவர்கள் கற்றுக்கொள்ளட்டும் என்று உங்கள் கணவர் தம் உடலையே கொடுத்தாரே, அதையும் நான் அந்த வரிசையில்தான் வைப்பேன்.

திருச்சபைகளின் நிலைப்பாடு ஒரே மாதிரி இல்லை என்பதும் தெரிந்திருக்கட்டும். ஆர்த்தடாக்ஸ் சபைகள் பொதுவாக மண்ணில் அடக்கம் செய்வதையே வலியுறுத்துகின்றன. கத்தோலிக்கத் திருச்சபை 1963-ல் தகனத்துக்கு இருந்த தடையைத் தளர்த்தியது. தகனம் உயிர்த்தெழுதலை மறுக்கும் நோக்கத்தோடு செய்யப்படக் கூடாது என்பதே நிபந்தனை. அறிவியல் ஆய்வுக்காக உடலை ஆராய்வதும், மரணத்துக்குப்பின் உறுப்புகளைத் தானமாகக் கொடுப்பதும் அதன் மறைக்கல்வியில் ஏற்கப்பட்டிருக்கின்றன. புராட்டஸ்டண்ட் சபைகள் பெரும்பாலும் இதைக் குடும்பத்தின் மனச்சாட்சிக்கு விட்டுவிடுகின்றன. உங்கள் மைத்துனரிடம் இதையெல்லாம் வாதமாக வைக்க வேண்டாம். அவர் தம்பியை இழந்தவர். போய் நிற்க ஒரு கல்லறை இல்லை என்ற வலிதான் அந்தக் கேள்வியாக வெளிவந்திருக்கும்.

அந்த வலிக்கு ஒன்று செய்யலாம். கல்லூரியின் உடற்கூறியல் துறைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். தானப் படிவத்தின் நகலை இணைத்து மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: உடலை எவ்வளவு காலம் பயன்படுத்துவார்கள், அதன்பின் எச்சங்களை அடக்கம் செய்வார்களா தகனம் செய்வார்களா, குடும்பம் கேட்டால் திருப்பித் தருவார்களா. விதிகள் நாட்டுக்கு நாடு, கல்லூரிக்குக் கல்லூரி மாறும். திருப்பித் தரும் வழக்கம் இருந்தாலும் முன்கூட்டியே எழுத்தில் கேட்காதவர்களுக்குக் கிடைக்காமல் போய்விடலாம், ஆகவே தள்ளிப்போடாதீர்கள். சில கல்லூரிகள் தானம் செய்தவர்களுக்கென நினைவுக் கூட்டமும் நடத்துகின்றன, அதையும் விசாரியுங்கள். எச்சம் கிடைக்காவிட்டாலும் உடலில்லாமலே ஒரு நினைவு ஆராதனை நடத்தும்படி போதகரைக் கேட்கலாம். மைத்துனரை அதில் வேதபாடம் வாசிக்கச் சொல்லுங்கள்.

அழலாமா?

அழக்கூடாது என்று வேதம் எங்கும் சொல்லவில்லை. சபையார் மனதில் வைத்துப் பேசிய வசனம் 1 தெசலோனிக்கேயர் 4:13 ஆக இருக்க வேண்டும். அதில் “நம்பிக்கையற்றவர்களான மற்றவர்களைப்போலத் துக்கித்து” என்றிருக்கிறது. விலக்கப்படுவது துக்கம் அல்ல, நம்பிக்கையற்ற துக்கம். சில நிமிடங்களில் லாசருவை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தே இயேசு கண்ணீர் விட்டார். மரணம் சத்துரு என்றுதான் பவுலும் சொல்கிறார், “கடைசிச் சத்துரு”. சத்துரு அடித்தால் வலிக்கும்.

சுகம் கிடைக்காததற்கு உங்கள் விசுவாசக் குறைவைக் காரணம் காட்டியவரைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், அதற்குமேல் இடம் கொடுக்கத் தகுதியில்லாத பேச்சு அது. பவுல் துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தார். தீமோத்தேயுவுக்கு அடிக்கடி உண்டான பலவீனங்களுக்கும் வயிற்றுக்கும் மருந்தாகக் கொஞ்சம் திராட்சரசம் சொன்னார். தம் சரீரத்தில் இருந்த முள் நீங்க மூன்று தரம் வேண்டியும் அது நீங்கவில்லை. கிறிஸ்துவும் மரணத்துக்கு விலகி ஓடி உயிர்த்தெழவில்லை, மரித்துத்தான் எழுந்தார்.

துக்கம் நோயாக மாறுவதும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் நீடித்த துக்கக் கோளாறு என்று ஒன்று தனியாகவே இருக்கிறது: ஆறு மாதம் தாண்டியும் ஏக்கமும் வேதனையும் விடாமல் ஆட்கொண்டு, அன்றாட வாழ்வு முடங்கிப்போகும் நிலை. நீங்கள் வேலைக்குப் போகிறீர்கள், மகனோடு பேசுகிறீர்கள், ஆராதனைக்கும் போகிறீர்கள். கடிதத்தை வைத்துப் பார்த்தால் அந்த நிலை தெரியவில்லை. ஆனால் தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டால், அவரோடு போய்விட்டால் தேவலை என்ற எண்ணம் வந்தால், அன்றே மனநல மருத்துவரைப் பாருங்கள். ஜெபத்தையும் விட வேண்டாம், சிகிச்சையையும் தள்ள வேண்டாம்.

மகனின் நோட்டு

அந்த நோட்டில் இருப்பது பெரும்பாலும் உண்மைதான். கல்லறைக்குப் போன பெண்கள் மத்தேயுவில் இருவர், மாற்குவில் மூவர், லூக்காவில் அதற்கும் மேல். யோவான் மகதலேனா மரியாளை மட்டும் சொல்கிறார். தேவதூதர் ஓரிடத்தில் ஒருவர், ஓரிடத்தில் இருவர். மாற்கு சுவிசேஷத்தின் கடைசிப் பன்னிரண்டு வசனங்கள் (16:9–20) நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சீனாய், வத்திக்கான் கையெழுத்துப் பிரதிகளில் இல்லை. அவற்றில் பெண்கள் பயந்து ஓடுவதோடு சுவிசேஷம் நின்றுவிடுகிறது. இவற்றையெல்லாம் இழுத்துப் பிடித்து ஒட்டவைக்கப் பார்க்காதீர்கள். ஒட்டவைத்தது மகன் கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும். அதன்பின் நீங்கள் சொல்லும் மற்றதையும் அவர் நம்பமாட்டார்.

அதே நோட்டின் எதிர்ப்பக்கத்தில் நால்வரும் ஒத்துப்போவதை எழுதச் சொல்லுங்கள். வாரத்தின் முதல் நாள், விடியற்காலம், மகதலேனா மரியாள், புரட்டப்பட்ட கல், உடல் இல்லை. இன்னொன்றும் கவனிக்க வேண்டியது: கல்லறைக்குள் இயேசு எழுந்த அந்தக் கணத்தை நால்வரில் ஒருவரும் வருணிக்கவில்லை. இரண்டாம் நூற்றாண்டில் பேதுருவின் பெயரால் எழுதப்பட்ட ஒரு சுவிசேஷம் அதைச் செய்கிறது. அதில் தலை வானத்தைத் தொடும் உருவங்கள் வருகின்றன, சிலுவை பின்னால் நடந்து வந்து பேசுகிறது. அதையும் மாற்கு 16:1–8-ஐயும் அடுத்தடுத்துப் படித்தால் கட்டுக்கதை எப்படி வளரும் என்பது புரியும். நம் நான்கும் அந்த வழியில் போகவில்லை. அன்றைய யூத சமூகத்தில் பெண்களின் சாட்சிக்கு மதிப்பு குறைவு. சீஷர்களே அவர்கள் சொன்னதை “வீண்பேச்சு” என்று தள்ளினார்கள் என்கிறார் லூக்கா. கதையை ஜோடித்தவர்கள் இப்படி ஒரு முதல் சாட்சியைத் தேர்ந்தெடுத்திருக்கமாட்டார்கள்.

காலக் கணக்கு மகனுக்குப் பிடிக்கும். சிலுவை மரணம் கி.பி. 30 அல்லது 33 வாக்கில். பவுல் கொரிந்தியருக்கு எழுதியது 50-களின் நடுவில். அதில் கிறிஸ்து மரித்தார், எழுந்தார், தரிசனமானார் என்று சொல்லும் 15:3–5-ஐத் தாமும் “அடைந்தது” என்கிறார். அதாவது அவருக்கு முன்பே சபையில் வழங்கிவந்த வாக்குமூலம் அது. மனமாறி மூன்று வருடத்துக்குப்பின் எருசலேமில் பேதுருவோடு 15 நாள் தங்கியதையும், கர்த்தருடைய சகோதரனாகிய யாக்கோபைக் கண்டதையும் கலாத்தியருக்கு எழுதுகிறார். அந்த யாக்கோபு, இயேசு ஊழியம் செய்த நாட்களில் அவரை விசுவாசிக்காதவர். பிறகு எருசலேம் சபையின் தூணாகி, கி.பி. 62-ல் கொல்லப்பட்டார். உயிர்த்தெழுந்த இயேசுவைக் கண்டவர்கள் என்று பவுல் அங்கே தரும் பட்டியலில் பெண்கள் பெயர் இல்லை என்று மகன் சொன்னால், ஆமாம், இல்லை என்று ஒப்புக்கொள்ளுங்கள்.

சரித்திரம் எதுவரை கொண்டுபோகும்? இயேசு பிலாத்துவின்கீழ் சிலுவையில் மரித்தார், அவரை உயிரோடு கண்டோம் என்று சீஷர்கள் மெய்யாகவே நம்பினார்கள், பகைவராய் இருந்த பவுல் மாறினார்: இவ்வளவையும் கிறிஸ்தவர் அல்லாத ஆய்வாளர்களிலும் பலர் ஏற்கிறார்கள். காலியான கல்லறையைப் பற்றிக் கருத்து வேறுபாடு அதிகம். தேவன் அவரை எழுப்பினார் என்பது விசுவாசத்தின் அறிக்கை. ஆதாரங்கள் அந்த வாசல்வரை கொண்டுவிடும், உள்ளே தள்ளாது. மகன் வாசலில் நிற்க விரும்பினால் நிற்கட்டும். அந்த நோட்டை எழுத அவர் நான்கு சுவிசேஷங்களையும் வரிவரியாகப் படித்திருக்கிறார் என்பதையும் கவனியுங்கள்.

விசுவாசப்பிரமாணமும் திருவிருந்தும்

மத்தேயு 28:17-ல் உயிர்த்தெழுந்த இயேசுவைக் கண்டு பணிந்துகொண்டவர்களில் சிலர் சந்தேகப்பட்டார்கள். அவர் அவர்களைத் தனியே பிரித்து நிறுத்தவில்லை. அதே கூட்டத்தைத்தான் உலகமெங்கும் அனுப்பினார். உங்கள் வாய் மூடிக்கொள்ளும் அந்த வரியைப் பக்கத்தில் நிற்பவர் சொல்லட்டும். நீங்கள் மௌனமாக நில்லுங்கள், அடுத்த வரியில் சேர்ந்துகொள்ளுங்கள். “விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்” என்றவனின் மகனை இயேசு சுகமாக்கினார். அந்த ஜெபம் போதும்.

“அபாத்திரமாய்” எடுக்கிறவன் ஆக்கினைத்தீர்ப்புக்கு ஆளாவான் என்ற வசனம் உங்களைப் பயமுறுத்தியிருக்கிறது. 1 கொரிந்தியர் 11-ஐ 17-ஆம் வசனத்திலிருந்து படியுங்கள். அங்கே வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டார்கள். “ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்”. இல்லாதவர்களை வெட்கப்படுத்தியதுதான் அந்த அபாத்திரம். துக்கத்தில் திணறும் ஒரு பெண்ணின் சந்தேகத்தைப் பற்றி அந்த வசனம் பேசவே இல்லை. ஆகவே திருவிருந்துக்குப் போங்கள். போதகரிடம் ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லி வைத்தால் உங்களுக்கும் பாரம் குறையும்.

கடைசி இரண்டு வரி

யோவான் சுவிசேஷத்தில் கரிநெருப்பு இரண்டு முறை வருகிறது. மூல மொழியிலும் ஒரே சொல், புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் வராத சொல். முதல் முறை 18:18, பிரதான ஆசாரியனின் முற்றம், குளிர்ந்த இரவு. அந்தக் கரிநெருப்பின் பக்கத்தில் குளிர்காய்ந்துகொண்டே, நீயும் இயேசுவின் சீஷன்தானே என்று கேட்டவர்களிடம் பேதுரு “நான் அல்ல” என்றார். சிலுவைக்கு முன் இயேசுவைப் பற்றி அவர் கடைசியாகச் சொன்னது அதுபோன்ற வார்த்தைதான். அதன்பின் திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கவில்லை. மறுநாள் சிலுவை.

இரண்டாவது முறை 21:9. கடற்கரை, விடியற்காலம். கரையிறங்கியவர்கள் கரிநெருப்புப் போட்டிருக்கிறதையும் அதின்மேல் மீன் வைத்திருக்கிறதையும் அப்பத்தையும் கண்டார்கள். அதே புகை வாசனை. போட்டவர் உயிர்த்தெழுந்த இயேசு. முற்றத்தில் நடந்ததைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. முதலில் சாப்பிடச் சொன்னார். பிறகு, மறுதலித்தது மூன்று முறையானால், “என்னை நேசிக்கிறாயா?” என்று கேட்டதும் மூன்று முறை.

மரணம் கடைசி வார்த்தையைப் பூட்டிவிடுகிறது என்றுதான் நீங்கள் நினைக்கிறீர்கள். கிறிஸ்து எழுந்திருந்தால் அந்தப் பூட்டு உடைந்துவிட்டது. உங்கள் இருவருக்கும் நடுவே சொல்லாமல் நின்றுபோனதைச் சொல்ல ஒரு காலை இருக்கிறது. ஒன்று மட்டும்: எரிச்சலில் பேசிய நீங்கள் அப்போது எங்கே போய்க்கொண்டிருந்தீர்கள்? அவருக்கு மருந்து வாங்க.

முதலாம் ஆண்டு நினைவுநாளுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. அந்தக் காலையில் யார் யார் வீட்டில் இருப்பார்கள், எப்போது சாப்பிடுவது என்பதை இப்போதே முடிவுசெய்து வையுங்கள். திட்டமில்லாமல் வரும் நாள்தான் அதிகம் அடிக்கும். அதற்கு முந்தின வாரம் தினம் கொஞ்சமாக 1 கொரிந்தியர் 15-ஐப் படியுங்கள், 58 வசனம். கணவரிடம் சொல்ல நினைத்ததை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். யாருக்கும் காட்ட வேண்டாம். அன்று காலை யோவான் 21:1–17-ஐ மகனை வாசிக்கச் சொல்லுங்கள். நம்பி வாசிக்க வேண்டும் என்ற நிபந்தனை வேண்டாம், அப்பாவுக்காக வாசித்தால் போதும். வாசித்து முடித்ததும் சேர்ந்து சாப்பிடுங்கள்.